நாற்பதை நெருங்கும் வயதில் சைபர் பாதுகாப்பு வேலை: கடை நடத்திய அனுபவம் கணக்கில் வருமா?

கேள்வி: ஜங்ஷன் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பல வருடங்களாக பிரவுசிங் சென்டரும் கணினி பழுதுபார்க்கும் கடையும் நடத்தி வந்தேன். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் கடைக்குள் மேசை உயரத்துக்கு ஏறி, கணினிகள், பிரிண்டர்கள், பழுதுபார்க்க வாங்கி வைத்திருந்த ஹார்ட் டிஸ்குகள் என எல்லாவற்றையும் சேறாக்கிவிட்டது. மக்கள் கைப்பேசியிலேயே விண்ணப்பங்களை நிரப்பத் தொடங்கிவிட்டதால் வருமானம் ஏற்கெனவே மெலிந்திருந்தது. அதனால் கடையை மறுபடி எடுத்து நடத்த மனமும் இல்லை, கையில் பணமும் இல்லை.

அதன் பிறகு கடன் வாங்கி, சைபர் பாதுகாப்பு கற்றுத் தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். வேலை உறுதி என்று சொல்லிச் சேர்த்தவர்கள், பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸில் சில கருவிகளை ஓட்டிக் காட்டி, ஒரு சான்றிதழை அச்சடித்துக் கொடுத்த பிறகு தொலைபேசியையே எடுப்பதில்லை. பி.எஸ்சி. பட்டமும் அரியர் வைத்துத் தாமதமாக முடித்ததுதான். பிள்ளைகள் இருவரும் பாளையங்கோட்டையில் படிக்கிறார்கள்.

இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிகளோடு போட்டியிட்டு என்னைப் போன்ற ஒருவர் இந்தத் துறைக்குள் நுழைய முடியுமா? முடியும் என்றால் எந்தப் பக்கம் போவது? ஊரிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஏதும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கல்லிடைக்காரி

வணக்கம் அண்ணாச்சி. எனக்குக் கல்லிடைக்குறிச்சி. பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்துவிட்டு, முப்பத்தாறு வயதில் இந்தத் துறைக்கு வந்தேன். இப்போது சென்னையில், நிறுவனங்களின் கணினிகளில் தாக்குதல் நடக்கிறதா என்று இரவு பகலாகப் பார்க்கும் ஒரு பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன். நுழைய முடியும். ஆனால் அந்த நிறுவனத்தார் காட்டிய பக்கமாக அல்ல. ஊடுருவிச் சோதிக்கும் வேலைதான் சைபர் பாதுகாப்பு என்று விளம்பரங்கள் காட்டுகின்றன. புதிதாக வருபவர்களுக்கு அதில் இடம் மிகக் குறைவு. கண்காணிப்பு மையத்தின் முதல் நிலைப் பணியில்தான் ஆட்கள் தொடர்ந்து தேவைப்படுகிறார்கள்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு விண்டோஸ் சர்வர், தன்னில் நடப்பதையெல்லாம் எண் போட்டுக் குறித்து வைக்கும் பாதுகாப்புப் பதிவில் (லாக்), இரவு இரண்டு மணியிலிருந்து 4625 என்ற எண் நூற்றுக்கணக்கில் வரிசையாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தோற்றுப்போன உள்நுழைவைக் குறிக்கும் எண். பயனர் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, எங்கிருந்து முயல்கிறார்கள் என்று காட்டும் ஐபி முகவரி மட்டும் மாறவில்லை என்றால் யாரோ கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கிறார்கள். இணையத்திலிருந்து எட்டக்கூடிய எந்த சர்வருக்கும் இது அன்றாடம் நடப்பதுதான் என்பதால் அதற்கே பதற வேண்டியதில்லை. அதே முகவரியிலிருந்து ஒரே ஒரு 4624 வந்துவிட்டால் கதை வேறு, ஏனெனில் அது வெற்றி பெற்ற உள்நுழைவு. தொடர்ந்து 4720 வந்தால் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். 4732 வந்தால் ஒரு கணக்கை நிர்வாகிகள் குழு போன்ற ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார்கள். 1102 வந்தால் பதிவையே அழித்திருக்கிறார்கள். இந்த வரிசையைப் படித்து, எது வழக்கமானது, எது வழக்கத்துக்கு மாறானது என்று பிரித்து, அடுத்த நிலையில் இருப்பவருக்குப் புரியும்படி நாலு பத்தி எழுதத் தெரிந்தவர்தான் எங்களுக்கு வேண்டும். நேர்முகத் தேர்விலும் நாங்கள் இதைத்தான் கேட்கிறோம்.

இதில் உங்கள் கடை அனுபவம் நிச்சயமாகக் கணக்கில் வரும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காமல் விட்ட கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. ஜனங்கள் ஏன் புதுப்பிக்காமல் விடுகிறார்கள், திருட்டு விண்டோஸை ஏன் போட்டுக்கொள்கிறார்கள், ஒரு பென் டிரைவ் எத்தனை கணினிகளில் ஏறி இறங்குகிறது என்பதையெல்லாம் தினமும் கண்ணால் பார்த்தவர் நீங்கள். பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த பையனுக்கு அது தெரியாது.

ரேம் தாராளமாக உள்ள பழைய கணினி ஒன்று கிடைத்தால் போதும். ஒரே கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸையும் ஒரு லினக்ஸையும் நிறுவி, பதிவுகளைத் திரட்டி அலசுவதற்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் வாஸூ மென்பொருளில் இரண்டின் பதிவுகளையும் சேர்த்து, நீங்களே தவறான கடவுச்சொற்களைக் கொடுத்து என்ன பதிவாகிறது என்று பாருங்கள். பார்த்ததை ஒவ்வொரு முறையும் அறிக்கையாக எழுதி வையுங்கள். நான் வேலைக்கு விண்ணப்பித்தபோது என் கையில் இருந்த ஒரே ஆதாரம் அப்படி எழுதிய அறிக்கைகள்தான்.

பதில்: பாளை தணிக்கையாளர்

தம்பிக்கு வணக்கம். வங்கிப் பணியிலிருந்து தகவல் பாதுகாப்புத் தணிக்கைக்கு ஐம்பதை ஒட்டிய வயதில் மாறியவன் நான். மேலே அந்த அம்மா சொன்னது அனைத்தும் சரி. நிறுவனங்கள் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் தணிக்கைப் பக்கம் இருக்கும் இன்னொரு வாசலையும் நான் காட்ட விரும்புகிறேன்.

தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001-இன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள், அதாவது பாதுகாப்பு ஏற்பாடுகள், உள்ளன. அவற்றில் ஒன்று, தீ, வெள்ளம் போன்ற ஆபத்துகளிலிருந்து கருவிகளைக் காப்பது. மற்றொன்று, தரவுக்கு மறுபிரதி எடுத்து வைப்பது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை எல்லாத் தணிக்கையாளர்களும் சொல்வார்கள். தண்ணீரில் போன ஹார்ட் டிஸ்குக்காக வாடிக்கையாளர் முன் நின்றவர் சொல்லும்போது அதற்கு வேறு எடை உண்டு. நேர்முகத் தேர்வில் அந்த வெள்ளத்தை மறைக்காமல், எது போனது, எது மிஞ்சியது, அதே கடையை இன்று அமைப்பதானால் எங்கே எதை வைப்பீர்கள் என்று ஒழுங்காகச் சொல்லுங்கள்.

சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். நம் பக்கத்து நடுத்தர நிறுவனங்களில் நான் பார்த்த வரையில், இதற்கென்று தனி ஆள் இருப்பதில்லை. கணக்குப் பிள்ளையோ கணினி பழுதுபார்க்க வருபவரோதான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். ஊரிலிருந்தே செய்யக்கூடிய வேலை வேண்டுமென்றால் இந்த இடத்தை யோசியுங்கள். சம்பளம் தொடக்கத்தில் குறைவாகத்தான் இருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றியவர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். ரசீதும் விளம்பரமும் கையில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

பதில்: தாமிரபரணிக்கரை

ஒரு எச்சரிக்கை மட்டும். பழகிப் பார்ப்பதற்காகக்கூட அடுத்தவர் இணையதளத்தையோ வைஃபையையோ அனுமதியில்லாமல் சோதிக்க வேண்டாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாகத் தெரிந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பயிற்சிக்கென்றே திறந்து வைத்திருக்கும் ட்ரைஹேக்மீ, ஓவர்திவயர் போன்ற தளங்கள் தாராளமாகப் போதும்.

கேள்வி கேட்டவர்: ஜங்ஷன் கடைக்காரர்

மூவருக்கும் மிக்க நன்றி. படித்த பிறகு மனம் தெளிந்திருக்கிறது. இரண்டு சந்தேகங்கள் மட்டும் மிச்சம். சான்றிதழ் தேர்வு எழுதுவதானால் எதை எழுதுவது? கடை மூடிய பிறகு வந்த இடைவெளியை விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது?

பதில்: கல்லிடைக்காரி

அண்ணாச்சி, அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழை எழுதச் சொல்லி யாராவது சொன்னால் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முழுச் சான்று பெற பொதுவாக ஐந்து ஆண்டு துறை அனுபவம் கேட்கிறார்கள். தொடக்க நிலையில் இருப்பவர்களும் எழுதும் காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. தேர்வுக் கட்டணம் நமக்குக் கனமானது. ஆகவே நெட்வொர்க் அடிப்படையை முதலில் உறுதியாகப் படித்து, மாதிரித் தேர்வுகளில் நிலையாக நல்ல மதிப்பெண் வந்த பிறகே பணம் கட்டுங்கள். கடன் வாங்கிக் கட்ட வேண்டாம்.

இடைவெளியை இடைவெளியாகவே விட வேண்டாம். கடை நடத்திய வருடங்களை "உரிமையாளர், கணினி சேவை மையம்" என்று எழுதி, எத்தனை கணினிகளைப் பராமரித்தீர்கள், நெட்வொர்க்கை எப்படி அமைத்தீர்கள், வைரஸ் புகுந்த கணினிகளை எப்படி மீட்டீர்கள் என்று வேலை வேலையாகப் பிரித்துக் காட்டுங்கள். மூடியதற்குக் காரணம் வெள்ளம் என்று ஒரு வரி போதும். அதன் கீழே வீட்டில் அமைத்த ஆய்வகத்தையும் எழுதிய அறிக்கைகளையும் தேதியோடு சேருங்கள்.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இருப்பதை வைத்துக் கண்காணிப்பு மைய வேலையும் ஊருக்கே வந்துவிடும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் சென்னையிலோ பெங்களூருவிலோ இரவு ஷிஃப்ட் பார்க்க வேண்டி வரலாம்; வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல் நீங்கள் மட்டும் போய் வருவதுதான் முதல் வருடத்துக்குச் சரிப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. 4625 வரிசையை வைத்து முதல் அறிக்கையை எழுதியதும் இங்கேயே பதியுங்கள். வரி வரியாகப் படித்துத் திருத்தித் தருகிறேன்.