கொச்சிக் குடோனில் முழங்காலளவு கடல்

கொச்சிக்குப் போனால் என்ன பார்க்கலாம் என்ற பேச்சில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர்:

எங்களுக்குக் கடல் என்றால் கொச்சிதான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ஆயிற்று. போகிறவர்கள் சீன வலையைப் பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்வது, ஒரு சாயங்காலம் கதகளிக்கு உட்காருங்கள். அதுவும் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள், ஃபோர்ட் கொச்சியில் வேஷம் போடுவதையே பார்க்க விடுகிறார்கள். ஆட்டக்காரர் மல்லாந்து படுத்திருக்க, தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துத் தாடையோரமாகச் சுட்டி என்ற வெள்ளை விளிம்பை வைக்கிறார். முகத்து மஞ்சளுக்கு மனயோலை என்று ஒரு கல்லை அரைக்கிறார்கள். அது வேறொன்றும் இல்லை, நம்முடைய அரிதாரம். என் அம்மா ஊர் மேட்டூர்ப் பக்கம், கூத்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். 'அரிதாரம் பூசுவது' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது ஒரு கல்லின் பெயர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈரோட்டிலிருந்து இன்னொருவர்:

நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது 2017 தை மாதம், பொங்கல் லீவில். 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய கொச்சி–முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சியின் மூன்றாவது பதிப்பு அப்போது நடந்துகொண்டிருந்தது. அப்பா மஞ்சள் மண்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். "ஓவியமெல்லாம் எனக்கென்ன கண்ணு தெரியும், நீ போயிட்டு வா" என்றுதான் முதலில் சொன்னார்.

ரயிலில் முசிறியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதாகச் சங்கப் பாட்டு சொல்லும் அதே முசிறி, சேரர் துறைமுகம். சென்னிமலைக்கு அந்தப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அந்தக் காலத்தில் கல்மணி செய்தார்கள். அங்கிருந்து மேற்குக் கடலுக்கு வழி இந்தக் கணவாய்தான். "அப்பவே நம்மூர்ச் சரக்கு இங்க வந்திருக்குது" என்று அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் அக்கரை போய், பினாலே நடந்த ஆஸ்பின்வால் ஹவுஸுக்கு நடந்தோம். 1867-இல் தொடங்கிய வணிகக் கம்பெனியின் பழைய கட்டிடம் அது. மிளகு, இஞ்சி, மஞ்சள், கயிறு எல்லாம் கப்பலேறிய இடம். உள்ளே போனதும் அப்பா படங்களைப் பார்க்கவில்லை, மேலே உத்தரத்தைப் பார்த்தார். சுவரில் கை வைத்தார். "குடோன்தான் இது. காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துக் கட்டியிருக்காங்க" என்றார். அதற்கப்புறம் அவருக்குக் கூச்சம் போய்விட்டது. கட்டிடத்தைப் பற்றி அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பல அறைகள் பார்த்தோம். எல்லாம் நினைவில்லை. ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது.

சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா அமைத்தது. ஒரு பெரிய குடோன் முழுக்கக் கடல்தண்ணீர். அதில் இறங்கி நடந்துதான் எதிர்ச் சுவருக்குப் போக வேண்டும். செருப்பை வெளியே விட்டு, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார். தண்ணீர் முழங்கால் வரை வந்தது. கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்று பக்கத்துச் சுவர்களில் சின்னச் சின்னக் கேள்விகள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தேன். யாரும் பேசவில்லை, தண்ணீரில் கால் இழுபடும் சத்தம் மட்டும்தான்.

2015-இல் சிரியா அகதிகளின் படகு கவிழ்ந்து துருக்கிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அவனோடு மூழ்கிப்போன அண்ணன் காலிப்புக்கு வயது ஐந்து. எதிர்ச் சுவரில் இருந்த கவிதை அவனுக்கானது. அவன் படம் எங்கும் இல்லை, நான் அவனுடைய அப்பா இல்லை, ஆனாலும் அவன் என் மகன் என்று சூரிட்டா எழுதியிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது.

அப்பா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "அந்தப் பையனோட அப்பன் இருக்கறாரா?"

"இருக்காருங்கப்பா. அம்மாவும் தண்ணியிலயே போயிட்டாங்க."

திரும்பி வந்து கரையேறினோம். வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தார். டீ வாங்கி வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். துண்டை என்னிடம் கொடுத்து, "நீ இங்கயே இரு கண்ணு, நா இன்னொருக்கா போயிட்டு வந்தர்றேன்" என்று மறுபடியும் தண்ணீரில் இறங்கினார்.