மறுமொழி: ஆள்களப் பெயருக்கு விலை சொல்லும் கருவி – கலைச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஆள்களப் பெயருக்கு, அதாவது இணையத்தள முகவரியாகப் பதியும் டொமைன் பெயருக்கு, தானாக விலை சொல்லும் மென்பொருளைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: மதிப்பீட்டுக் கருவி, மதிப்புமானி, விலைகாட்டி, குத்துமதிப்பி. நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதிலேயே நமக்குள் உடன்பாடு இல்லை என்று தெரிகிறது. அதைத் தீர்த்துக்கொண்டால் சொல் தானாக அமையும் என்று நினைக்கிறேன்.

> ஆங்கிலத்தில் அப்ரைசல் என்கிறார்கள். நம்மிடம் மதிப்பீடு என்ற சொல் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

மதிப்பீடு என்று சொன்னால், ஒரு ஆள் பொருளைப் பார்த்து, சந்தையை விசாரித்து, காரணங்களை எழுதி, தன் பொறுப்பில் கொடுக்கும் கருத்து என்று வாசகர் புரிந்துகொள்வார். வீடு, நிலம் போன்றவற்றில் இந்த வேறுபாட்டைக் கறாராகவே காக்கிறார்கள். அமெரிக்க மதிப்பீட்டாளர்களுக்கான தொழில் நெறிமுறையின் விளக்கக் குறிப்பு ஒன்று, கணினி மாதிரி தரும் எண் தன்னளவில் மதிப்பீடு ஆகாது என்றே சொல்கிறது. ஒரே தெருவில் ஒரே மாதிரி பத்து வீடுகள் இருக்கும் துறையிலேயே இவ்வளவு எச்சரிக்கை. ஆள்களப் பெயரில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான், நகல் கிடையாது. அங்கே இந்தச் சொல்லை இன்னும் தாராளமாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தச் சொல்லின் கனத்தை வைத்தே ஒரு மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. உங்கள் பெயரை வாங்க விரும்புகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் வரும். ஆசை காட்டும் அளவுக்கு விலையும் சொல்வார்கள். அப்புறம், பேரத்தை முடிக்க ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், இன்ன தளத்தில் கட்டணம் செலுத்தி வாங்கிவிடுங்கள் என்பார்கள். கட்டணம் போய்ச் சேர்ந்ததும் ஆளைக் காணோம். மதிப்பீடு என்ற சொல்லுக்கு ஓர் அலுவல் தோரணை இருப்பதால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். நாம் இயற்றும் சொல் அந்தத் தோரணைக்கு மேலும் வலுச்சேர்க்கக் கூடாது.

> அப்படியானால் மதிப்புமானி. வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் இயல்பாக நிற்கும்.

ஓசையளவில் நல்ல சொல்தான். ஆனாலும் எனக்கு இதில்தான் மறுப்பு அதிகம். மானி என்ற ஈறு, ஏற்கெனவே இருக்கும் ஒன்றை அளக்கும் கருவிக்கு உரியது. நீரின் சூடு நாம் அளக்காவிட்டாலும் இருக்கும். இரண்டு நல்ல வெப்பமானிகள் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தரும். ஒரே பெயரை எஸ்டிபாட் என்ற விலை சொல்லும் தளத்திலும், ஆள்களப் பெயர் பதியும் கோடாடி நிறுவனத்தின் கருவியிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பல மடங்கு விலகி நிற்பது சாதாரணம். அளவை என்றால் அப்படி நிகழாது.

கருவி உள்ளே என்ன பார்க்கிறது? பெயரின் நீளம், அதில் அகராதிச் சொல் இருக்கிறதா, அந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், விளம்பரச் சொடுக்குக்கு என்ன கொடுக்கிறார்கள், புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டு 'காம்' (.com) தானா வேறா, அதே சொல்லை வேறு எத்தனை பின்னொட்டுகளில் பதிந்திருக்கிறார்கள், ஒத்த பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின. இவற்றிலிருந்து ஓர் எண்ணைத் தருகிறது. பழைய விற்பனைகளுக்கு நேம்பயோ போன்ற தரவுத்தளங்கள் உண்டு. ஆனால் அங்கே இருப்பவை வெளியே சொல்லப்பட்ட விற்பனைகள் மட்டும். இரகசிய ஒப்பந்தத்தில் கைமாறுபவை வருவதில்லை. விற்காமலே கிடக்கும் பெயர்களும் வருவதில்லை, அவைதான் மிகப் பெரும்பான்மை. விற்றவற்றை மட்டும் படித்த கருவி, எல்லாப் பெயருமே விற்றுவிடும் என்ற நினைப்பில் விலை சொல்கிறது. மறுவிற்பனைக்காகப் பெயர்களைச் சேர்த்து வைப்பவர்கள், ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு விற்றாலே நல்லது என்று பேசிக்கொள்வார்கள். திரையில் தெரியும் எண்ணில் இந்த உண்மைக்கு இடமே இல்லை.

> விலைகாட்டி எளிமையாக இருக்கிறதே. திசைகாட்டி போல.

எந்த விலையைக் காட்டுகிறது என்று கேட்டால் இந்தச் சொல் நின்றுவிடும். ஒரு பெயருக்குக் குறைந்தது இரண்டு விலை உண்டு. இந்த வாரமே விற்றாக வேண்டும் என்றால் இன்னொரு வணிகர் தருவது ஒன்று. அந்தப் பெயரையே தன் நிறுவனத்துக்கு வைக்க விரும்பும் ஆள் என்றைக்கோ வந்து தருவது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு இருந்தாலும் வியப்பில்லை. தான் சொல்வது இதில் எது என்று பல கருவிகள் தெளிவாகச் சொல்வதே இல்லை.

2019இல் வாய்ஸ் டாட் காம் என்ற பெயரை மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் பிளாக் டாட் ஒன் நிறுவனத்துக்கு 3 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் வாய்ஸ் என்ற பெயரிலேயே ஒரு சமூக வலைத்தளம் தொடங்கவிருந்தார்கள். வேறு பெயரால் அவர்களுக்குப் பயனில்லை. விற்பவருக்கோ விற்கும் அவசரம் இல்லை. அந்தப் பேரம் முடியும்வரை அப்படி ஒரு விலை எங்கும் இருக்கவில்லை, காட்டுவதற்கு.

கருவிக்குத் தெரியாத வேறு சிலவும் உண்டு. 'எங்குமில்லை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான நோவேரின் (nowhere) எழுத்துகளை அப்படியே 'இப்போது இங்கே' என்றும் பிரிக்கலாம். எங்கே பிரிப்பது என்பதில் கருவி சறுக்கினால் எண்ணும் சறுக்கும். தமிழ் எழுத்தில் பதியும் பெயர், 2003இல் வந்த பியூனிகோட் முறைப்படி, உள்ளுக்குள் எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாகிவிடுகிறது. அதைத் திரும்பத் தமிழாக்கிப் படிக்காத கருவிக்கு அது நீளமான, பொருளற்ற குப்பை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது வணிகக் குறி. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் உள்ளே இருந்தால் தேடல் எண்ணிக்கை எகிறும், கருவியும் பெரிய தொகை சொல்லும். ஆனால் ஆள்களப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த பிணக்குத் தீர்வு முறையின்படி அந்தப் பெயர் கையைவிட்டே போகலாம். அத்தகைய பெயரின் மதிப்பு சுழியத்துக்கும் கீழே.

இதனால் கருவிகள் வீண் என்று நான் சொல்லவில்லை. காம் பின்னொட்டில் மூன்று ரோமன் எழுத்துப் பெயர்கள் மொத்தம் 17,576தான். அவை அடிக்கடி கைமாறுவதால் ஒப்பிட நிறைய விற்பனைகள் கிடைக்கின்றன. அங்கே எண் ஓரளவு நிலத்தில் நிற்கும். காலாவதியாகும் ஆயிரக்கணக்கான பெயர்களில் எவற்றைக் கண்ணால் பார்ப்பது என்று சலித்தெடுக்கவும் நன்றாக உதவும். ஒரு தனிச் சொல்லுக்கு, அல்லது இட்டுக்கட்டிய இனிய பெயருக்கு, அந்த எண்ணை வைத்துப் பேரம் பேசுவதுதான் தவறு. சந்தை திரும்பும்போதும் கருவி பின்தங்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், அங்குவில்லா தீவுக்கு உரிய ஏஐ பின்னொட்டுக்கு வரவேற்பு கூடியது. அதற்கு முந்தைய விற்பனைகளைப் படித்த கருவிக்கு அது எப்படித் தெரியும்?

> குத்துமதிப்பி என்று நேர்மையாகவே சொல்லிவிடலாமே.

மனத்துக்குப் பிடித்த சொல். குத்துமதிப்பு நம் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது, அர்த்தமும் பொருந்துகிறது. ஆனால் குத்துமதிப்பு என்றால் கணக்குப் போடாமல் சொல்வது. இந்தக் கருவி கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது, அந்தக் கணக்கு குறையுடையது. மேலும், கலைச்சொல்லே தீர்ப்பையும் சொல்லிவிட்டால் கருவியைச் செய்பவர்கள் அதை எடுத்தாள மாட்டார்கள். நாமே எழுதி நாமே படிக்கும் சொல்லாக அது முடங்கிவிடும்.

ஆகவே என் பரிந்துரை: கருவிக்கு விலைக்கணிப்பி, அது தரும் எண்ணுக்கு விலைக்கணிப்பு. மனிதர் காரணத்தோடு தரும் அறிக்கைக்கு மதிப்பீடு, அவருக்கு மதிப்பீட்டாளர். இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்வோம். 'விலைக்கணிப்பி நாலாயிரம் என்கிறது, மதிப்பீட்டாளரிடம் கேட்கலாம்' என்று எழுதினால் வேறுபாடு விளக்கமில்லாமலே புரிகிறது. தானியங்கி என்ற முன்னொட்டும் தேவைப்படாது. கணினி, உலாவி, வடிப்பி ஆகியவற்றில் இகர ஈறே கருவியைக் குறித்துவிடுகிறது.

கணிப்பில் ஜாதக வாடை அடிக்கிறது என்று ஒரு நண்பர் முன்பே எழுதியிருந்தார். அதே சொல்லைத் தேர்தல் கருத்துக்கணிப்பிலும் பயன்படுத்துகிறோம். பலிக்கலாம், தவறலாம் என்று தெரிந்தேதான் அதைக் கேட்கிறோம். கணக்கிடுதல், முன்னறிந்து சொல்லுதல் என்ற இரண்டும் கணித்தலில் அடங்கியிருப்பது இங்கே நமக்கு வசதி. வீட்டு விலைக்கும் இது பொருந்தும். அமெரிக்க வீட்டு விற்பனைத் தளமான ஜில்லோ நிறுவனம் 2006 முதல் வீடுகளுக்கு இப்படி எண் சொல்லிவருகிறது. தானே வீடுகளை வாங்கி விற்ற பிரிவை, விலைப்போக்கை முன்கூட்டிக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் மூடுவதாக அறிவித்தது. அந்தச் செய்தியை எழுதவும் இதே சொல் போதும்.

துணைச்சொற்களில் மூன்றை மட்டும் இப்போதே முடிவு செய்யலாம்: ஒப்பிட எடுத்துக்கொள்ளும் பழைய விற்பனைகளுக்கு ஒப்பு விற்பனை, மேலே சொன்ன இரண்டு விலைகளுக்கு வணிகர் விலை, பயனர் விலை. டொமைனுக்கு ஆள்களமா களமா என்ற பழைய வழக்கை இந்த இழையில் மீண்டும் திறக்க வேண்டாம்.

வரையறையாக இதை முன்வைக்கிறேன்: 'விலைக்கணிப்பி: ஒப்பு விற்பனைகளையும் சொல்லின் இயல்புகளையும் கொண்டு ஒரு பெயர் என்ன விலைக்குப் போகக்கூடும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள்.' எந்த விலை என்பதை வரையறைக்குள்ளேயே சேர்க்க வேண்டுமா, பயன்பாட்டுக் குறிப்பில் சொன்னால் போதுமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. அகராதிப் பணியில் இருப்பவர்கள் அந்த ஒரு வரியைச் செப்பம் செய்து தர வேண்டும்.

அன்புடன்.