கலைச்சொல் உதவி: கிராஃபிஷ் ஃப்ளை (வியாழக்கிழமைக்குள்ள வேணும்)

மொழிபெயர்க்கிறவர், பட்டர்வொர்த்:
வணக்கம் எல்லாருக்கும். இங்க பினாங்குல பசங்களுக்கு ஒரு தூண்டில் பட்டறை நடக்குது, கிராஃபிஷ் ஃப்ளை (கிராஃபிஷ்ங்கிற கொடுக்கு உள்ள நன்னீர் உயிரி மாதிரி நூலும் இறகும் வச்சு ஊசியில கட்டுற போலி இரை) செய்முறைத் தாள தமிழ்ல கேக்குறாங்க, வியாழன் அச்சுக்குப் போவணும். நீளத்தண்டு மாத்தா காயில் (தூண்டில் ஊசி), 4 இல்லாட்டி 6ஆம் நம்பர், அதுல நூலச் சுத்தி, சங்கிலி மணிய கண்ணா வச்சு, பழுப்பு ஷெனில் (பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்குற நூல்) ஒடம்பு, கோழி இறகு சுத்துனா காலு, ரெண்டு இறகு நுனி கொடுக்கு. இதெல்லாம் எழுதிட்டேன், தலைப்புதான் நிக்குது. கிராஃபிஷ்ஷுக்கு என்ன, ஃப்ளைக்கு என்ன? ‘ஈ’ன்னு போட்டா பசங்க சிரிப்பாங்க.

தமிழாசிரியர் ஐயா, பினாங்கு:
தொல்காப்பியம் மரபியல்லயே விடை இருக்கு தம்பி. ‘நண்டும் தும்பியும் நான்கறி வினவே’. ரெண்டையும் ஒரே அடியில வச்சுட்டார். ஆகவே நண்டுத்தும்பி. கட்டுறதுக்கு ‘யாத்தல்’. யாப்புன்னாலே கட்டுதானே? ‘நண்டுத்தும்பி யாத்தல்’, கேக்கவே எவ்வளவு கம்பீரமா இருக்கு!

தூண்டில் அண்ணன், கோலாலம்பூர்:
ஐயா மன்னிக்கணும், யாத்தல்னு போட்டா பசங்க வெண்பா எழுதக் கூப்புடுறாங்கன்னு ஓடிடுவாங்க லா. கிராஃபிஷ் நண்டும் இல்ல. கொடுக்கு இருக்கு, ஆனா ஒடம்பும் வாலும் இறால் மாதிரி நீளம். அதனால நண்டிறால். இன்னொண்ணு, இது பயந்தா வால மடக்கி அடிச்சு பின்பக்கமா பாயும். அதுக்குத்தான் கொடுக்க ஊசி வளையுற பக்கம் கட்டி, வால தூண்டில் நரம்பு முடியுற ஊசிக் காதுப் பக்கம் வைக்கிறது. சின்னச் சின்னதா இழுத்தா தப்பிச்சு ஓடுற மாதிரியே இருக்கும். மணிக் கண்ண தண்டுக்கு மேல கட்டுனா கனத்துல ஊசி கவுந்து முனை மேல வந்துடும், கல்லுல மாட்டாது. மொழிபெயர்ப்புல இந்தப் பக்கம் மாறிப்போச்சுன்னா பேர் என்ன வச்சும் பிரயோசனம் இல்ல, மொதல்ல அதப் பாருங்க.

அக்கா, ஜார்ஜ்டவுன்:
லெபோ பசார்ல பூக்காரம்மா நூலால பூ கட்டுறாங்க, யாரும் பூ யாக்குறதில்ல. ‘கட்டுதல்’ போதும். ஃப்ளைக்கு உம்பான்னே (இரை) போடுங்களேன், கோலாம்ல (குளத்துல) மீன் புடிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஐயா:
உம்பான் மலாய்! வள்ளுவர் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ன்னு 931ல பாடுனப்ப உம்பானா கேட்டார்? அங்க பொன்னுன்னா இரும்பு, பரிமேலழகர் உரையப் பாருங்க. நண்டுக்கே ‘களவன்’னு ஒரு பேர் உண்டு, ஐங்குறுநூற்று மருதத்துல மூணாவது பத்தே களவன் பத்துதான், வயல் நண்டு, நன்னீர் நண்டு. களவன்தும்பின்னாலும் தகும்.

கல்லூரி மாணவர், கோலாலம்பூர்:
சார், தும்பின்னா இப்போ தட்டான்தானே? பழைய பாட்டுல வண்டு. இது ரெண்டும் இல்ல. ஃப்ளைன்னு பேர் வந்ததே ஆரம்பத்துல பூச்சி மாதிரி கட்டுனதால, இப்ப மீன், எலி, கிராஃபிஷ் எதக் கட்டுனாலும் ஃப்ளைங்கிறாங்க. ஆங்கிலத்துலயே பொருந்தாத பேர நாம ஏன் தூக்கிட்டு வரணும்? பொய்யிரை.

தூண்டில் அண்ணன்:
பொய்யிரை நல்லாருக்கு. ஆனா லூருங்கிற மீன் பொம்மையும் பொய்யிரைதான, பிளாஸ்டிக் புழுவும் அதேதான். எனக்கு நண்டிறால் மட்டும் கெடச்சா போதும், மத்தத நீங்க அடிச்சுக்குங்க. கூட ஒண்ணு, நம்ம ஊர் மீன் இத எங்க பாத்துச்சுன்னு கேக்குறவங்களுக்கு: ஆஸ்திரேலிய ரெட் கிளாங்கிற கிராஃபிஷ் இங்க பண்ணையில வளத்தது தப்பிச்சு வெளித் தண்ணியிலயும் பெருகிடுச்சு. செபாராவ் (இங்க உள்ள ஒரு ஆத்து மீன்) கொத்தும்னு நம்பிக் கட்டலாம்.

அக்கா:
செபாராவுக்கும் தமிழ் கேட்டுடாதீங்க ஐயா, வியாழன் போயிடும்.

மொழிபெயர்க்கிறவர்:
சரி. ‘நண்டிறால் பொய்யிரை கட்டுதல்’. மூணு பேர் ஆமான்னாங்க, மத்தவங்க சத்தத்தக் காணோம், அதையே சம்மதமா எடுத்துக்கிட்டேன். கொடுக்கு எந்தப் பக்கம்னு படம் போட்டாச்சு.

ஐயா:
எனக்குச் சம்மதம் இல்ல, பதிவு பண்ணி வைங்க. இறகுங்கிற கருத்தே அந்தச் சொல்லுல வரல. அடுத்த பதிப்புல தும்பி வரணும். அது கெடக்கட்டும், ஊசியப் புடிச்சு நிறுத்துற வைஸுக்கு என்ன போட்டீங்க? ‘இடுக்கி’தானே?

மொழிபெயர்க்கிறவர்:
வைஸ்னே போட்டுட்டேன் ஐயா. கோப்ப அனுப்பியாச்சு.