யாகுஷிமா தீவில் நிதானமாக 4 நாள்: ஹலால் சாப்பாட்டுக்கு என்ன வழி?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மாவுடன் அக்டோபரில் ஜப்பானின் யாகுஷிமா தீவுக்குப் போகிறோம். காடு, அருவி போதும்; கடினமான ஏற்றம் வேண்டாம். சாப்பாடு, தொழுகைக்கு என்ன செய்யலாம்?

பதில் 1:
வ அலைக்குமுஸ்ஸலாம். சமையலறை உள்ள தங்குமிடம் பிடியுங்கள், பாதிக் கவலை தீரும். ஃபுகுவோகா நகரம் வழியாக வந்தால் உறையவைத்த ஹலால் கோழியை அங்கேயே வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். ஊரிலிருந்து இறைச்சி கூடாது. கறி ஊறுகாய்கூட விமான நிலையத்தில் பறிமுதல்தான். தீவில் பறவைக் கோலா மீன் பிரபலம். கடையில் முழுசாகப் பொரித்துத் தருவார்கள், ஆனால் அதே எண்ணெயில் பன்றிக் கட்லெட்டும் பொரிந்திருக்கலாம். "ஷியோயாகி" என்று கேளுங்கள்: வெறும் உப்பு தடவிச் சுட்டது. சூப்பிலும் குழம்பிலும் "மிரின்", "சாகே" உண்டா என்று கேட்டுவிடுங்கள், இரண்டும் மதுதான்.

பதில் 2:
ஜோமோன் சுகி மரத்துக்குப் போய்வர 22 கிலோமீட்டர், சுமார் 10 மணி நேரம். பெரியவர்களை அங்கே இழுக்காதீர்கள். யாகுசுகி லேண்ட் என்ற காட்டுப் பூங்காவின் 30 நிமிடப் பாதையே அவர்களுக்கு அருமை. பேருந்து குறைவு, கார் எடுங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான சர்வதேச உரிமம் வேண்டும். மழைக்குக் குடை போதாது, சட்டையும் கால்சட்டையுமாகத் தனித்தனி மழைக்கோட்டு அவசியம். காகோஷிமா நகரத்திலிருந்து வரும் அதிவேகப் படகு கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

பதில் 3:
கிப்லா (தொழும் திசை) மேற்கு-வடமேற்கு. ஹிராஉச்சி கடலோர வெந்நீர் ஊற்று ஆண், பெண் பொது, நீச்சலுடைக்கும் அனுமதியில்லை. தனி அறைக் குளியல் உள்ள விடுதியே நமக்குச் சரி.