காலைப் பார்த்தேன், மூக்கைப் பார்க்கவில்லை

சத்துவாச்சாரியிலிருந்து:

எங்கள் வீட்டுச் சுண்டுவுக்கு ஐந்தரை வயது. நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கிறார்களே, அந்தப் பட்ஜிதான். வான நீல உடம்பு, வெள்ளை முகம், ஆண். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலையில் கூண்டின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தபோது அவன் குச்சியில் இல்லை. தரையில், தினை உமிக்கு நடுவே, வலது காலைப் பின்னால் நீட்டியபடி ஒருக்களித்துக் கிடந்தான். என்னைக் கண்டதும் எழுந்து குச்சிக்குத் தாவினான். இடது கால் பற்றியது. வலது காலின் விரல்கள் மூடிய மூடியபடியே இருந்தன. மூன்று முறை விழுந்தான். நான்காவது முறை அலகால் கம்பியைக் கவ்விக்கொண்டு தொங்கினான். முந்தின நாள் மாலை என் தோளில் உட்கார்ந்து குக்கர் விசிலுக்குப் பதில் விசில் கொடுத்தவன்.

அன்று நான் செய்தவற்றில் பாதி தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் செய்யக் கூடாது. எலும்பு முறிந்திருக்கிறதா என்று காலை இழுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா சொன்னார் என்று நல்லெண்ணெய் தடவினேன். எண்ணெய் இறகில் ஏறினால் இறகுகள் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டைக் காக்க முடியாமல் போகும் என்பது அப்போது தெரியாது. சோர்ந்து கிடக்கிறானே என்று அலகைத் திறந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் வேரை ஒட்டியே இருக்கிறது. நாம் ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். அவன் தும்மித் தும்மி அதை வெளியே தள்ளினான். நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

நாங்கள் முதலில் போன மருத்துவர் மாடும் ஆடும் பார்ப்பவர். சுண்டுவை உள்ளங்கையில் வைத்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார், காலை விரலால் அழுத்திப் பார்த்தார். "முறிவு இல்லையம்மா. இதற்கு மேல் நான் ஊகத்தில் மருந்து தரக் கூடாது. சென்னை வேப்பேரிக்குக் கொண்டுபோங்கள்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

எங்கள் வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். கத்திரி வெயில். விடியற்காலை நாலரை மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். கூண்டோடு கொண்டுபோனால் குலுங்கிக் குலுங்கி விழுவான் என்று மகளின் ஷூ வந்த அட்டைப்பெட்டியில் துளைகள் போட்டு, பழைய வேட்டித் துணியை மடித்து விரித்து அதில் வைத்தேன். தண்ணீர்க் கிண்ணம் சிந்தும். அதற்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரிக்காய். காவேரிப்பாக்கம் தாண்டும்போது அதைக் கொறிக்கும் சத்தம் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. அந்தச் சத்தம் என்னைச் சென்னை வரைக்கும் கொண்டுசேர்த்தது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்த மருத்துவர் காலைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி: "இந்த மூக்கு எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?"

அலகுக்கு மேலே, மூக்குத் துளைகள் இருக்கும் சதை மேடு. வளர்ந்த ஆண் பட்ஜிக்குப் பெரும்பாலும் அது நீலமாக இருக்கும். பெண்ணுக்கு முட்டையிடும் பருவத்தில் பழுப்பாகும். சுண்டுவுக்கு அது பழுப்பேறிச் சொரசொரவென்று இருந்தது. கீரையின் கறை என்று நினைத்து நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். காரில் திரும்பும்போது கைப்பேசியில் பழைய படங்களைப் பார்த்தேன். தீபாவளியன்று எடுத்ததில் நல்ல நீலம். பொங்கல் படத்தில் ஓரம் மங்கியிருக்கிறது. பங்குனியில் பாதி பழுப்பு. எல்லாப் படத்தையும் எடுத்தது நான்தான்.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் கட்டி தெரிந்தது. பறவைக்கு விரைகள் உடலுக்கு உள்ளே, சிறுநீரகத்தை ஒட்டி இருக்கின்றன. காலுக்கு இறங்கும் நரம்பு சிறுநீரகத்தின் ஊடாகவே வருகிறது. அங்கே கட்டி வளர்ந்து நரம்பை நெருக்கினால், கட்டி கண்ணுக்குத் தெரியாது, கால் மட்டும் மடங்கும். விரையில் வரும் சில கட்டிகள் பெண்மைச் சுரப்பைக் கூட்டுவதால்தான் மூக்கு நிறம் மாறுகிறது. பட்ஜிகளில், அதுவும் நடுவயதுக்கு மேல், இது அரிய நோய் இல்லையாம். அறுவை செய்ய அவன் உடம்பு தாங்காது என்றார். வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரு சொட்டு மருந்து, அளவு எழுதிக் கொடுத்தார். அதோடு வந்தோம்.

உங்கள் வீட்டுப் பறவைக்கு இப்படித் திடீரென்று கால் போயிருந்தால் என்ன ஆயிற்று, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நான் இப்போது இரவில் தூங்குவதில்லை.

குடியாத்தத்திலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் இது பெண் பறவைக்கு நடந்தது. மாடியில் பெரிய கூண்டு கட்டி, முட்டைக்குப் பானை தொங்கவிட்டு வளர்க்கிறேன். பச்சைப் பெண் ஒன்று காலையில் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கால்களும் விரிந்து கிடந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. பக்கவாதம் என்றே நினைத்தேன். அப்பாதான் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, "முட்டை நிற்கிறதடா" என்றார்.

முட்டை வெளியே வர முடியாமல் நின்றால் அதுவும் அதே நரம்பைத்தான் அழுத்துகிறது. இது சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடிய விஷயம். அழுத்தி எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உள்ளே உடைந்தால் முடிந்தது. குளியலறையில் வெந்நீர் வாளியை வைத்துக் கதவைச் சாத்தி, ஆவி படியும் இடத்தில் அதை வைத்திருந்துவிட்டு மருத்துவரிடம் ஓடினோம். சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டார். இரவு பத்து மணிக்கு முட்டை வந்தது. ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. கால்கள் சரியாக நான்கு நாள் ஆயிற்று.

பிழை என்னுடையது. பானையை வருடம் முழுக்கத் தொங்கவிட்டிருந்தேன். ஓர் ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு முட்டை, ஒன்றுவிட்ட ஒரு நாள் இடும். குஞ்சு பறந்ததும் மறுபடி இடும். அத்தனை ஓட்டுக்கும் சுண்ணாம்பு அதன் எலும்பிலிருந்துதானே போக வேண்டும்? வெறும் தினை போட்டு வளர்த்தால் எங்கிருந்து வரும்? இப்போது ஆண்டுக்கு இரண்டு ஈடுதான். பிறகு பானையைக் கழற்றிவிடுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் மீனின் ஓடு தருவார்கள். கழுவிக் காயவைத்துக் கம்பியில் கட்டிவிட்டால் அவையே சுரண்டித் தின்னும். முருங்கைக்கீரையும் கொடுக்கிறேன்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அம்மா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு என் கூண்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

நான் ஓய்வு பெற்றதும் சொந்தமாகக் கூண்டு செய்தேன். வெல்டு மெஷ் என்கிற கம்பி வலை வாங்கி, வெட்டி, நானே முறுக்கிக் கட்டினேன். பளபளவென்று புதிது. மூன்றாவது வாரம் இரண்டு பறவைகள் கால் தளர்ந்து விழுந்தன. எச்சம் கரும்பச்சையாகத் தண்ணீரோடு போனது. ஒன்று தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி நடுங்கியது. மருத்துவர் உணவைக் கேட்டார், தண்ணீரைக் கேட்டார், கடைசியில் கூண்டைக் கேட்டார். கம்பியின் மேல் பூசிய துத்தநாகம். பட்ஜி அலகை வைத்து ஏறும், கடித்துப் பார்க்கும். உடலில் சேர்ந்த உலோகத்தை வெளியேற்றும் ஊசி இரண்டுக்கும் போட்டோம். ஒன்று பிழைத்தது. மற்றது மறுநாள் என் கையிலேயே போயிற்று.

புதுக் கம்பி வலை வாங்குகிறவர்கள் வினிகர் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்றாகக் கழுவி, பல நாள் வெயிலில் போட்டுப் பிறகு பறவையை விடுங்கள். அப்படிச் செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர முழுக்கப் போகாது. முடிந்தால் துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு. பழைய பெயின்ட் உரிந்த ஜன்னல் கம்பியையும் கடிக்க விடாதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம்.

இன்னொன்று. நோயுற்ற பறவைக்குச் சூடு வேண்டும், விளக்கு வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது குளிர் நாட்டுக்கும் நம் மார்கழிக்கும் பொருந்தும். நம் ஊர்க் கத்திரியில் அறைக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும்போது விளக்கு வைத்தால் பறவை வெந்துபோகும். பிழைத்த பறவைக்கு அறியாமல் நானும் வைத்தேன். அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து மூச்சு வாங்கியது. உடனே அணைத்தேன். அந்த நிலையைக் கண்டால் சூடு அதிகம் என்று பொருள்.

ஆரணியிலிருந்து:

எங்களுக்கு நடந்தது சின்ன விஷயம், ஆனாலும் சொல்கிறேன். இரவில் மின்சாரம் போய், பல்லியோ பூனையோ அசைந்ததில் பறவை மிரண்டு இருட்டில் கூண்டெல்லாம் மோதியிருக்கிறது. காலையில் நொண்டல், இறக்கையில் இரத்தம். பத்து நாள் குச்சிகளைத் தாழ்த்தி வைத்து ஓய்வு கொடுத்ததில் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து மின்கலத்தில் எரியும் சின்ன இரவு விளக்கு ஒன்று கூண்டருகே எரிகிறது.

வாணியம்பாடியிலிருந்து:

அக்கா, தவறாக நினைக்காதீர்கள். கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. குணமாகாது என்று தெரிந்த பிறகும் வைத்திருப்பது அதற்கு வேதனை இல்லையா? எங்கள் பாட்டி, பறக்கவாவது விட்டுவிடுங்கள், புண்ணியம் என்கிறார்.

சத்துவாச்சாரியிலிருந்து:

தம்பி, இதில் தவறாக நினைக்க என்ன இருக்கிறது. இரவெல்லாம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பறக்க விடுவது புண்ணியம் இல்லை என்று பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இது ஆஸ்திரேலியாவின் புல்வெளிப் பறவை. நம்மிடம் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. நல்ல காலோடு வெளியே போனாலே அரை நாளில் காக்கை கொத்திவிடும்.

வேதனையைப் பற்றி மருத்துவரிடமே கேட்டேன். வலிக்கு மருந்து இருக்கிறது, அவன் தானே தின்கிறானா, குரல் கொடுக்கிறானா, இறகைக் கோதுகிறானா என்று தினமும் பாருங்கள், மூன்றும் நின்றால் அழைத்து வாருங்கள், வலியில்லாமல் அனுப்பி வைக்கலாம் என்றார். அந்த நாள் வந்தால் நான் அழைத்துப் போவேன். எனக்காக அவனைப் பிடித்து வைத்திருக்க மாட்டேன்.

இப்போது அவன் வீடு மாறியிருக்கிறது. உயரக் குச்சிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் அகலமான மரப்பலகை. கீழே வேட்டித் துணி, தினமும் மாற்றுவேன். துவாலை போட்டபோது அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொண்டது, ஆகவே துவாலை வேண்டாம். பாரம் முழுவதும் இடது காலில் விழுவதால் அந்தப் பாதத்தின் அடி சிவந்து புண்ணாகப் பார்த்தது. பலகையின் மேல் துணி சுற்றியதும் ஆறியது. தீவனமும் தண்ணீரும் ஊறுகாய் பாட்டில் மூடிகளில், அவன் அலகுக்கு எட்டும் இடத்தில். முளைகட்டிய தினையை விரும்பித் தின்கிறான். பின்புறம் எச்சம் ஒட்டினால் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுகிறேன்.

தெருக்கோடியில் நகை வேலை செய்கிறவர் கடைத் தராசில் முதல் வாரம் எடை பார்த்துக் கொடுத்தார். 36 கிராம். "நான்கரைச் சவரன் இருக்கிறானே" என்றார். ஜூன் கடைசியில் 32. அரைச் சவரன் கரைந்துவிட்டது. இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ராணிப்பேட்டை ஐயா கூண்டைப் பார்த்ததைப் போல நான் மூக்கையும் எடையையும் முன்பே பார்த்திருந்தால் நான்கு மாதம் முன்னால் தெரிந்திருக்கும். தராசு ஒன்று வாங்கிவிட்டேன். காலையில் தீவனத்துக்கு முன், தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் காலண்டர்த் தாளில் எழுதுகிறேன்.

குடியாத்தம் தம்பி சொன்ன கடல் நுரையை லாங்கு பஜாரில் வாங்கினேன். நோய்க்கு அது மருந்தில்லை என்று தெரியும். ஆனாலும் படுத்தபடியே அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான், அலகுக்கு ஒரு வேலை.

இன்று காலை 33 கிராம். தோளுக்கு ஏற முடியாது என்பதால் சமையலறை வாசலில் அவன் பலகையை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். குக்கர் மூன்று விசில் விட்டது. இரண்டுக்குப் பதில் சொன்னான்.