குடியும் மனநோயும் சேர்ந்தே வந்த வீடுகள்: பார்த்ததை எழுதுங்கள்

பேராவூரணிக்காரி:
எங்கள் அண்ணன் கதை. 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் தோப்பில் முக்கால்வாசி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. தென்னை வைத்துக் காய்ப்பு காண எத்தனை வருஷம் ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். அதற்கு முன் அண்ணன் கல்யாணம், திருவிழா என்றால் மட்டும் குடிப்பார். பிறகு தினமும். ஊரே “குடிச்சே கெட்டான்” என்றது. ஆனால் முதலில் போனது தூக்கம். மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அடுத்து சாப்பாடு, அப்புறம் பேச்சு. தூக்கம் வரட்டும் என்றுதான் குவார்ட்டரில் ஆரம்பித்தார்.

ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். குடியை நிறுத்தி அனுப்பினார்கள். தூக்கத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். பிறகு பார்த்த மனநல டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து, “எதும்மா முதல்ல வந்துச்சு?” என்று கேட்டார். குடியாலேயே மனச்சோர்வு வருமாம். நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களில் தெளிந்துவிடுமாம். அண்ணனுக்கு ஒரு மாதம் தாண்டியும் தெளியவில்லை. அதற்குத் தனி மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் மனுஷன் தோப்புப் பக்கம் போனார்.

கும்பகோணம் நர்ஸ் அக்கா:
வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறிப் பிதற்றல் வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

விவசாயக் கூலி ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து விரிப்பிலிருந்து நாற்றுப் பறித்தார். காலில் தட்டிச் சேற்றை உதறி, முடி கட்டி, அடுத்த கட்டில் பக்கம் வீசினார். “தண்ணி வந்துடுச்சு, வாங்கடா” என்று சத்தம் வேறு. காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கிளம்பிவிட்டார்கள் அவர் வீட்டார். வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் போட்டு, சில நாளில் தெளிந்தார். தெளிந்த பிறகும் காதில் குரல் கேட்டால் அது வேறு விஷயம், டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும்.

இன்னொன்று. குடியை விட வைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைக் குழம்பில் ரகசியமாகக் கலக்கிற வேலை வேண்டவே வேண்டாம். தெரியாமல் மேலே குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளையே சாய்த்துவிடும். மனநோய் உள்ளவருக்கு அந்த மாத்திரையே குழப்பத்தைக் கூட்டவும் செய்யலாம்.

நீடாமங்கலம் தம்பி:
எனக்கே நடந்தது. பாலிடெக்னிக் படிக்கையில் கஞ்சா. டீக்கடையில் யார் சிரித்தாலும் என்னைத்தான் என்று தோன்றும். அப்புறம் ஆள் இல்லாமலே குரல். குரல் கேட்டதால் இழுத்தேனா, இழுத்ததால் கேட்டதா, இன்றைக்கும் பிடிபடவில்லை. மனநோய் தீரும் என்று நம்பி அம்மா குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்க வைத்தார். காவிரிக் குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, பொட்டலம் கொடுக்கும் கூட்டாளி பக்கத்தில் இல்லை. மனசு அடங்கியது உண்மை. ஆனால் மாத்திரையை அங்கேயும் விடவில்லை.

இப்போது கஞ்சா இல்லை, பீடி மட்டும். அதையும் விடலாம் என்று இருக்கிறேன். அக்கா, குரலுக்காக ஓலான்சபின் மாத்திரை சாப்பிடுகிறேன், பரவாயில்லையா?

கும்பகோணம் நர்ஸ் அக்கா:
தாராளமாக விடு தம்பி, ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு. பீடிப் புகை அந்த மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். புகையை நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடும். தூக்கம் தூக்கமாக வரும். அளவை அவர் பார்த்து மாற்றுவார். ராத்திரி குரல் திரும்பக் கேட்டால் 14416க்கு அடி, அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.