ஒரிகாமி டைல்களை 4×4 ஆகக் கோர்க்கும்போது கட்டி தட்டுகிறது

இழைகோப்பான்:
டிஎன்ஏ ஒரிகாமி செய்கிறேன், அதாவது ஒரு நீள டிஎன்ஏ இழையைக் குட்டி இழைகளால் பிடித்து வடிவமாக மடிப்பது. எம்13 வைரஸின் ஸ்காஃபோல்டில் (மடிக்கப்படும் நீள இழை), 7249 நியூக்ளியோடைடு, மடித்த சதுர டிஎன்ஏ டைல்கள். மொத்தம் 16 வகை. விளிம்புக் குறியீடு (எந்த விளிம்பு எதோடு ஒட்டும் என்பது) மட்டும் மாறும். ஸ்காஃபோல்ட் 10 நானோமோலார், ஸ்டேபிள் (மடிப்பைப் பிடிக்கும் குட்டி இழைகள்) அதைப் போல 10 மடங்கு, 12.5 மில்லிமோலார் மெக்னீசியம் உள்ள டிஏஇ பஃபர். விளிம்பு முழுக்க 6 பேஸ் ஒட்டுமுனைகள் (பக்கத்து டைலோடு இணையும் ஒற்றை இழை நுனிகள்). மடிந்ததும் சுத்திகரிக்காமல் பதினாறையும் ஒன்றாகக் கலந்து, 50 டிகிரியிலிருந்து 20-க்கு 2 மணி நேரத்தில் இறக்குகிறேன். ஏஎஃப்எம்-இல் (அணுவிசை நுண்ணோக்கி) ‘ட’ வடிவ மூன்று-டைல் துண்டுகளும் கட்டிகளும்தான் தெரிகின்றன. ஜெல்லில் பெரும்பகுதி கிணற்றைவிட்டே நகரவில்லை.

மெக்னீசியம்12:
6 பேஸ் ரொம்ப வலு. ஒரு விளிம்பில் அத்தனை ஹெலிக்ஸ் முனைகளும் அப்படிப் பிடித்தால், தப்பாக ஒட்டியது பிரியவே பிரியாது. தப்பு பிரிந்து மறுபடி சரியாகச் சேர இடம் வேண்டும். ஒட்டுமுனையை 2 பேஸாகக் குறையுங்கள், மீதியை ஸ்டேக்கிங் (ஹெலிக்ஸ் முனைகள் ஒன்றோடொன்று படிந்து ஒட்டுவது) பார்த்துக்கொள்ளும். குறியீட்டில் வராத இடங்களில் ஸ்டேபிளை விட்டுவிடுங்கள், அல்லது 4 தைமின் வால் வையுங்கள். மொட்டை முனை எதோடும் ஒட்டும். 4×4-இன் வெளிச்சுற்று விளிம்புக்கும் இது கட்டாயம்.

குளிர்விப்பும் அவசரம். இரண்டு-டைல் ஜோடியை 30, 35, 40, 45, 50 டிகிரிகளில் இரவு முழுக்க வைத்து ஜெல் ஓட்டுங்கள். ஜோடி உடையத் தொடங்கும் வெப்பநிலைக்குச் சற்று மேலிருந்து, டிகிரிக்கு 2 மணி நேரம் என்று இறக்குங்கள்.

ஸ்டேபிள்கணக்கு:
அதைவிடப் பெரிய சிக்கல், சுத்திகரிக்காமல் கலந்தது. எல்லா டைலுக்கும் ஸ்காஃபோல்ட் ஒன்றே, ஆகவே முதல் டைலின் உபரி விளிம்பு ஸ்டேபிள் இரண்டாம் டைலின் அதே இடத்தில் போய் உட்காரும். காலியாக விட்ட இடமென்றால் கேட்கவே வேண்டாம். 50 டிகிரியில் குறியீடே கலைந்துவிடும்.

ஒவ்வொரு டைலையும் தனியாகப் பெக் 8000 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கொண்டு வீழ்படிவாக்குங்கள்: 15% பெக், சுமார் 500 மில்லிமோலார் உப்பு உள்ள கரைசலைச் சம அளவு சேர்த்து, 16,000 ஜி-யில் 25 நிமிடம். படிவை வோர்டெக்ஸ் செய்யாமல் 30 டிகிரியில் சில மணி நேரம் ஊறவிட்டுக் கரையுங்கள். பிறகு 260 நானோமீட்டரில் அளந்தால், உறிஞ்சல் 1 என்பது ஏறக்குறைய 10 நானோமோலார். உபரி ஸ்டேபிள் இருக்கும்போது இந்தக் கணக்கு பொய். நான்கு டைல் சேரும் சதுரத்தில் ஒரு டைல் 20% குறைந்தாலும் அதே அளவுக்கு மூன்று-டைல் துண்டுகள் மிஞ்சும். உங்கள் ‘ட’ வடிவத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இழைகோப்பான்:
16 முறை பெக் செய்யாமல் வழி உண்டா?

ஸ்டேபிள்கணக்கு:
உண்டு. உள் ஸ்டேபிள்கள் எல்லா டைலுக்கும் பொது, உபரியானாலும் கெடுதல் இல்லை. விளிம்பு ஸ்டேபிள்களுக்கு மட்டும், ஸ்காஃபோல்டில் ஒட்டும் பகுதிக்கு எதிரிணை இழைகளை, மடிப்பு முடிந்து அறை வெப்பநிலைக்கு வந்தபின், உபரியைவிடக் கூடுதலாகச் சேருங்கள். மிதப்பவற்றைப் பிடித்துவிடும், டைலில் உட்கார்ந்தவை அசையாது.

மைகாதட்டு:
பதினாறையும் ஒரே குழாயில் போடுவதை முதலில் நிறுத்துங்கள். கால்டெக் குழு 2017-இல் 8×8 வரை போனது படிப்படியாகத்தான்: 1, 4, 16, 64. முதலில் நான்கு 2×2, பிறகு அவற்றிலிருந்து ஒரு 4×4. 2×2-இன் உள்விளிம்புகள் மூடிவிடுவதால் அதே குறியீடுகளை அடுத்த கட்டத்திலும் பயன்படுத்தலாம். புதிய இழைகள் அதிகம் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் செறிவு நான்கில் ஒன்றாகும், அதனால் நேரத்தைக் கூட்டுங்கள்.

டிசைனில் ஹெலிக்ஸின் மூன்று சுற்றுக்கு 32 பேஸ் ஜோடி வைத்திருந்தால் சுற்றுக்கு 10.67, இயல்பு 10.5. தாள் முறுகும். 2×2-இல் கண்ணில் படாது, 4×4-இல் விளிம்புகள் படியாது. 64-க்கு ஒரு பேஸ் ஜோடியை நீக்குங்கள்.

ஏஎஃப்எம்-இல் பார்க்க மைகாத் தட்டில் இடும்போது பிப்பெட் நுனியை வெட்டி அகலமாக்கிக்கொள்ளுங்கள். ஒடுங்கிய நுனியில் வேகமாக உறிஞ்சினாலே 4×4 பிய்ந்துபோகும், நீங்கள் அசெம்ப்ளியைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.